தோற்றவனைக் கண்டுகொண்ட செய்தியாளர்: டினோ புட்சாட்டியின் துவிச்சக்கர ஓட்டக் கட்டுரைகள்

ஒரு துறையைப் பற்றி அத்துறையில் வல்லாரே எழுதுதல் வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. மருத்துவத்தைப் பற்றி மருத்துவரும் சட்டத்தைப் பற்றிச் சட்டவல்லுநரும் எழுதுதல் முறையாவது போல, விளையாட்டைப் பற்றியும் அதனை நெடுங்காலம் பயின்றவரோ பார்த்துப் பழகியவரோ எழுதுதலே முறை என்பர். ஆயினும், தொழில்முறைத் துவிச்சக்கர வண்டி ஓட்டத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த உரைநடையுள் நிலைபெற்று நிற்பன சில, அவ்வோட்டத்துக்கு முற்றிலும் புதியவர்களால் எழுதப்பட்டவை. 1924 ஆம் ஆண்டிற் பிரான்சுச் சுற்றோட்டத்தைத் தொடர்ந்து சென்று எழுதிய அல்பேர் லோந்தர், சிறைகளையும் போர்க்களங்களையும் பற்றி எழுதிப் பெயர்பெற்ற செய்தியாளர். 1949 ஆம் ஆண்டில் இத்தாலியச் சுற்றோட்டத்தைத் தொடர்ந்து சென்ற டினோ புட்சாட்டியோ ஒரு நாவலாசிரியர். புதியவர் ஒருவர் ஒரு விளையாட்டைக் காணக் கற்றுக்கொள்வது எவ்வாறு? கண்டதனை அவர் நேசிக்கத் தொடங்குவது எதனால்? அந்நேசம் அவருடைய எழுத்துக்கு ஆக்கமா, கேடா? இவ்வினாக்களை ஆராய்வதற்குப் புட்சாட்டியின் கட்டுரைகளிலும் தக்க களம் வேறில்லை.

இவ்வாராய்ச்சி இத்தாலி நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு வழியாக எழுவன்குளம் நோக்கிச் செல்லும் வீதியைக் கருதுக. மேற்கே புத்தளக் களப்பும் வடக்கே வில்பத்து வனமும் அப்பிரதேசத்தைச் சூழ்ந்துள்ளன. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கைத் தாழ்நிலத்துக்கு அப்பகுதியில் வழங்கும் பெயரே 'வில்லு' என்பது. நிலம் பெரும்பாலும் சமதளமானது; மலையென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கடலிலிருந்து வீசும் சோளகக் காற்றே ஆங்குத் துவிச்சக்கர வண்டியோட்டி ஏறவேண்டிய மலையாகும். மீன்பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிராக மிதித்துச் செல்லும் வியாபாரி, முன்னே செல்லும் வண்டியின் மறைவில் ஒதுங்கிச் செல்வதன் பயனை எந்த நூலையும் படியாமலே அறிந்திருப்பான். துவிச்சக்கர ஓட்டத்தின் முதற்பாடமும் அதுவே. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இலங்கையின் ஊர்கள் பலவற்றில் நடைபெறும் விளையாட்டு விழாக்களில் மரதன் ஓட்டத்தோடு துவிச்சக்கர ஓட்டமும் இடம்பெறுவது யாவரும் அறிந்ததே. ஆனால் அவ்வோட்டங்களைப் பற்றிய செய்தி, முதல் மூன்று இடங்களைப் பெற்றோர் பெயரும் பரிசளித்தோர் பெயரும் கொண்ட ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றது. வீதியில் நிகழ்ந்தது யாது என்பதை எவரும் எழுதுவதில்லை. அதனை எழுதக் கற்பவர் புட்சாட்டியிடம் கற்கவேண்டியவையும் உள. அவரிடம் கற்கலாகாதவையும் உள.

செய்தித்தாளுக்கும் துவிச்சக்கர ஓட்டத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு பிற விளையாட்டுக்களிற் காணப்படாத ஒன்று. கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் செய்தித்தாள்கள் கண்டு எழுதின. துவிச்சக்கரப் பெருஞ்சுற்றுக்களையோ செய்தித்தாள்களே தோற்றுவித்தன. 1903 இற் பிரான்சுச் சுற்றோட்டத்தைத் தொடக்கியது 'லோத்தோ' என்னும் பத்திரிகை. 1909 இல் இத்தாலியச் சுற்றோட்டத்தைத் தொடக்கியது 'கசெற்றா டெல்லோ ஸ்போர்ட்' என்னும் பத்திரிகை. முன்னது மஞ்சள் நிறத் தாளிலும் பின்னது இளஞ்சிவப்பு நிறத் தாளிலும் அச்சிடப்பட்டன. அந்நிறங்களே 1919 முதற் பிரான்சிலும் 1931 முதல் இத்தாலியிலும் முன்னணி வீரரின் சட்டைக்கு உரியவாயின. பத்திரிகையின் விற்பனையைப் பெருக்குதலே இவ்வோட்டங்களின் முதல் நோக்கம். வீதியோரத்தில் நிற்பவன் ஓட்டத்தைக் காண்பது சில விநாடிகளே. கூட்டம் ஒன்று வரும்; சில்லுகள் இரையும்; புழுதி எழும்; அவ்வளவே. எஞ்சிய முழுவதையும் மறுநாட் பத்திரிகையிற் படித்தே அவன் அறிந்துகொண்டான். ஆதலின் இவ்விளையாட்டிற் செய்தியாளன் வெறும் சாட்சியல்லன். பார்வையாளன் காணாத ஓட்டத்தை அவனுக்குப் படைத்துக் கொடுப்பவன். இத்தகைய அதிகாரம் ஒரு புதியவரின் கையிற் சேரும்போது விளைவது யாது என்பதே இங்குக் கவனித்தற்குரியது.

புட்சாட்டி 1906 ஆம் ஆண்டு வட இத்தாலியில் பெல்லூனோ நகருக்கு அண்மையிற் பிறந்தவர். 1928 இல் மிலான் நகரத்து 'கொரியரே டெல்லா சேரா' என்னும் நாளிதழிற் சேர்ந்தவர். மலையேறுதலில் நாட்டமுடையவராயினும் துவிச்சக்கர வீதியோட்டத்தோடு அவருக்குப் பழக்கமிருந்ததில்லை. அவர் பெயரை நிலைநாட்டிய நாவல் 1940 இல் வெளிவந்த 'தார்த்தாரியரின் பாலைவனம்' என்பது. எல்லைப்புறக் கோட்டையொன்றில் வாழ்நாள் முழுவதும் பகைவர் வரவை எதிர்நோக்கிக் காத்திருந்து, பகைவர் வருங்காலை முதுமையும் நோயும் எய்திக் களத்தினின்றும் அகற்றப்படும் துரோகோ என்னும் படைவீரனின் கதை அது. அதனை எழுதியவரை 1949 இல் அவருடைய பத்திரிகை இத்தாலியச் சுற்றோட்டத்துக்கு அனுப்பிற்று. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. வைகாசி மாதம் சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் தொடங்கி ஆனி மாதம் வட இத்தாலியில் முடிவடைந்த அவ்வோட்டத்தைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதிய கட்டுரைகள், அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1981 இல் நூலுருப் பெற்றன.

புதியவர் எழுத்தின் முதற்பண்பு அவர் கேட்கும் வினாக்களிற் புலப்படும். வல்லுநன் ஒருவன் எவர் வெல்வார் எனக் கேட்பான். புதியவரோ இவர்கள் ஏன் இதைச் செய்கின்றனர் எனக் கேட்பார். புட்சாட்டியின் தொடக்கக் கட்டுரைகளிற் பந்தய நுணுக்கம் மிகுதியும் இல்லை. வீரர்களின் உறக்கம், அவர்தம் கனவுகள், வீதியோரத்தில் நிற்கும் மக்களின் முகங்கள் முதலியனவே அவற்றை நிரப்புகின்றன. இதனை அறியாமையின் விளைவு என ஒதுக்குதல் எளிது. ஆனால் இவ்வறியாமையே அவருக்கு ஒரு நன்மையையும் செய்தது. பழகிய கண்ணுக்கு இயல்பாகத் தோன்றி மறைந்துபோவன யாவும் புதிய கண்ணுக்கு வியப்பாகத் தோன்றின. காசினோ நகரின் வழியாக ஓட்டம் சென்றபோது அவர் எழுதிய கட்டுரை இதற்குச் சான்று. 1944 இல் நிகழ்ந்த பெரும்போரில் அந்நகரும் அதன் மேலிருந்த தொன்மையான மடமும் தரைமட்டமாயின. ஐந்தாண்டுகளுக்குப் பின் அவ்விடிபாடுகளினூடே பல நிறச் சட்டையணிந்த இளைஞர் வண்டியோட்டிச் செல்கின்றனர். விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் அந்நகரை வெறும் வழிப்பெயராகக் குறித்துக் கடந்து சென்றிருத்தல் கூடும். புட்சாட்டியோ இறந்த நகரம் விழித்தெழுந்து அவ்வோட்டத்தைப் பார்ப்பதாகக் கற்பனை செய்தார். போரினாற் சிதைந்த நாடு தன்னைத் தான் மீண்டும் ஒரு நாடாக உணர்ந்தமைக்கு அச்சுற்றோட்டம் ஒரு காரணம் என்பதை வரலாற்றாசிரியர் பின்னர் விரித்துரைத்தனர். அதனை அப்போதே கண்டுணர்ந்து எழுதியவர் இப்புதியவர்.

எனினும் வியப்பு நேசமாகாது. ஒரு விளையாட்டை நேசித்தற்கு அதன் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். துவிச்சக்கர ஓட்டத்தின் உள்ளமைப்பு வண்ணாத்திவில்லு வீதியின் மீன் வியாபாரி அறிந்த காற்றிலிருந்தே தொடங்குகின்றது. சமதளத்தில் விரைந்து செல்லும் ஓட்டி தன் ஆற்றலின் பெரும்பகுதியைக் காற்றைப் பிளப்பதிற் செலவிடுகின்றான். வேகம் இருமடங்காயின் அதற்கு வேண்டும் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். முன்செல்பவனின் பின்னே நெருங்கிச் செல்பவன் தன் முயற்சியில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மீதப்படுத்திக்கொள்ளல் இயலும். ஆதலாற் சமதளத்திற் கூட்டமாகச் செல்வோரைத் தனியொருவன் வெல்லுதல் அரிது. மலையேற்றத்திலோ நிலைமை வேறு. வேகம் குறைதலின் காற்றின் தடை குன்றுகின்றது. உடலின் எடையை மேலேற்றுதலே பெரும் பொறையாகின்றது. பிறர் மறைவிற் செல்வதன் பயன் சிறிதே. அங்கு ஒவ்வொருவனும் தன் கால்களோடு தனித்து விடப்படுகின்றான். சமதளம் கூட்டத்தின் களம். மலை தனிமனிதனின் களம். புத்தளக் கரையின் வாசகர் இவ்விளையாட்டின் ஒரு பாதியைத் தம் வீதியிலேயே கண்டவர். மறுபாதிக்கே அவர் அல்ப்ஸ் மலையை நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இக்காற்றின் விதியிலிருந்தே தொழில்முறை ஓட்டத்தின் சமூக ஒழுங்கும் பிறந்தது. ஒவ்வோர் அணியிலும் தலைவர் ஒருவரும் அவருக்காக உழைக்கும் துணைவீரரும் உளர். துணைவீரரை இத்தாலியர் 'கிரெகாரியோ' என்பர். மந்தையைச் சேர்ந்தவன், சாதாரணப் போர்வீரன் என்பது அச்சொல்லின் மூலப்பொருள். தலைவரின் முன்னே சென்று காற்றைத் தாங்குதல், நீர் கொண்டுவந்து கொடுத்தல், தலைவரின் சில்லிற் காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்தல் ஆகியன அவர் கடமை. அந்திரேயா கரேயா என்னும் துணைவீரர் 1952 ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றோட்டத்தில், லோசான் நகரில் முடிந்த கட்டத்தின் முடிவில், எதிர்பாராது மஞ்சட் சட்டைக்கு உரியவரானார். அவர் மகிழ்ச்சியால் துள்ளவில்லை. தம் தலைவராகிய பௌஸ்தோ கொப்பிக்கு உரியதைத் தாம் எடுத்துக்கொண்டதாக அஞ்சிக் கண்ணீர் விட்டார். அடுத்த நாளே அச்சட்டை கொப்பியின் உடலை அடைந்தது. வெற்றிப் பட்டியலில் ஒருவரின் பெயரே பொறிக்கப்படும். அவ்வெற்றியினுள் பலருடைய உழைப்பு அடங்கிக் கிடக்கும். துவிச்சக்கர ஓட்டத்தைக் காணக் கற்றல் என்பது இம்மறைந்த உழைப்பைக் காணக் கற்றலேயாகும். 1946 முதல் 1951 வரை இத்தாலியச் சுற்றோட்டத்திற் கடைசி இடத்தைப் பெற்றவருக்குக் கறுப்புச் சட்டை வழங்கப்பட்டமையும், லூயிஜி மலபுரோக்கா என்பவர் அதனை 1946 இலும் 1947 இலும் பெற்று முன்னணி வீரர்க்கு நிகராக மக்கள் அன்புக்கு உரியவரானமையும் இவ்விளையாட்டின் இயல்பை விளக்குவன.

புட்சாட்டியின் கட்டுரைத் தொடரின் உச்சம் 1949 ஆனி 10 ஆம் நாள் நிகழ்ந்த கூனியோ – பினெரோலோ கட்டத்தைப் பற்றியது. அக்கட்டத்தின் நீளம் 254 கிலோமீற்றர். மதலேனா, வார், இசோவார், மொன்ஜெனெவர், செஸ்திரியேரே ஆகிய ஐந்து மலைக்கணவாய்களை வீரர் கடக்கவேண்டியிருந்தது. வீதிகள் பல இடங்களிற் சேறும் கல்லும் நிறைந்தவை, மழையும் பெய்தது. அதுகாறும் முன்னணியில் நின்றவர் அடோல்போ லியோனி. இருபத்தொன்பது வயதுடைய கொப்பி முதற் கணவாயிலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்து, ஏறத்தாழ 192 கிலோமீற்றர் தூரம் தனியே ஓட்டிச் சென்றார். முப்பத்தைந்தை நெருங்கிய ஜீனோ பார்த்தாலி அவரைத் துரத்திச் சென்றும் பிடிக்க இயலாது பதினொரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி பிந்தி வந்து சேர்ந்தார். மூன்றாமவர் வந்து சேர்ந்தது கொப்பிக்குப் பத்தொன்பது நிமிடங்களுக்கும் மேற்பட்ட நேரத்தின் பின்னரே. இச்செய்தியை எழுதும் எவரும் கொப்பியின் ஈடிணையற்ற வெற்றியைத் தலையாய பொருளாகக் கொள்வர். புட்சாட்டியின் கண்களோ இசோவார் மலைச்சரிவிற் சேறு படிந்த முகத்தோடு தனியே மிதித்துச் சென்ற பார்த்தாலியின்மேல் நிலைத்தன. பள்ளிப் பருவத்தில் ஹோமரின் இலியட் காவியத்திற் படித்த அக்கிலீசினால் ஹெக்டர் கொல்லப்பட்ட நிகழ்ச்சியும், அன்று தம் உள்ளம் உற்ற துயரும் அவருக்கு மீண்டும் நினைவுக்கு வந்தன. பழங்காவியத்தோடு ஒரு விளையாட்டை ஒப்பிடுதல் மிகையன்றோ என்னும் தடையை அவரே எழுப்பி, கற்ற காவியங்களின் துணுக்குகள் நம் சிறிய வாழ்க்கையினுள் வந்து கலவாவிடின் அக்கல்வியாற் பயன் யாது என்னும் கருத்துப்பட விடையும் கூறினார். கல்லூரியிற் செவ்விலக்கியம் பயில்வோர் எண்ணிப் பார்க்கத்தக்க விடை இது.

தோற்றவனைப் போற்றும் இம்மரபு தமிழுக்குப் புதியதன்று. வெண்ணிப் போரிற் கரிகாற் சோழன் வென்றான். முதுகிற் புண்பட்ட நாணத்தாற் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் வென்ற கரிகாலனை விளித்து, அவனினும் தோற்ற சேரனே நல்லவன் அல்லனோ என வினாவும் பாட்டுப் புறநானூற்றில் உளது. வென்றான் முன்னிலையிலேயே தோற்றான் பெருமையைக் கூறும் துணிவு அப்பாட்டின் சிறப்பு. குயத்தொழில் குலத்திற் பிறந்த ஒருவர் வேந்தர் இருவரின் மதிப்பைத் தம் அளவுகோலால் அளந்து காட்டினார். நாடு முழுவதும் கொப்பியின் வெற்றியைக் கொண்டாடியபோது தோற்றவரின் தனிமையைப் பதிவு செய்த புட்சாட்டியும் அவ்வகையிலேயே செய்தியாளரின் எல்லையைக் கடந்தவராகின்றார். வென்றவன் யார் என்பதைக் காலக்கணிப்பானே கூறிவிடும். எவ்வாறு தோற்றான் என்பதைக் கூறுவதற்கே மனிதன் வேண்டும். இப்புதியவர் இவ்விளையாட்டை நேசிக்கத் தொடங்கிய இடம் இதுவே எனல் பொருந்தும்.

இனி, இக்கட்டுரைகளின் குறைகளையும் ஆராய்தல் வேண்டும். முதலாவது குறை, புதியவர் தம்மோடு கொண்டுசெல்லும் பொதியைப் பற்றியது. ஹெக்டரின் உருவில் வந்த பார்த்தாலியை உற்று நோக்கின், அவர் பின்னே புட்சாட்டியின் சொந்த நாயகனாகிய துரோகோ நிற்பது தெரியும். காலம் மனிதனைத் தோற்கடிக்கின்றது என்னும் தம் நாவலின் பொருளையே அவர் இசோவார் மலையிலும் கண்டார். இது பார்த்தாலிக்கு நீதியாகாது. துரோகோ தன் போரைக் காணாதவன். பார்த்தாலியோ இத்தாலியச் சுற்றை 1936, 1937, 1946 ஆம் ஆண்டுகளிலும் பிரான்சுச் சுற்றை 1938, 1948 ஆம் ஆண்டுகளிலும் வென்றவர். அதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. ஹெக்டர் இறந்தான், பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான், பார்த்தாலி மறுநாளும் வண்டியேறினார். அச்சுற்றை இரண்டாம் இடத்தில் முடித்தார். அடுத்த மாதமே பிரான்சுக்குச் சென்று அங்கும் கொப்பிக்கு அடுத்த இடத்தைப் பெற்றார். 1954 வரை ஓட்டத்தை விட்டு நீங்கவில்லை. காவியத்தில் தோல்வி ஒரு முடிவு. விளையாட்டில் தோல்வி ஒரு மாலைப்பொழுது. தோற்றவன் மறுநாட் காலையில் மீண்டும் தொடக்கக் கோட்டில் வந்து நிற்பதே விளையாட்டின் அறம். காவிய உவமை அதனைக் காட்டாது மறைத்துவிட்டது.

இரண்டாவது குறை, காவியப் போர்வை தொழிலாளியின் உடலை மறைத்துவிடுதல். இங்கு லோந்தரோடு ஒப்பிடுதல் பயன்தரும். 1924 ஆம் ஆண்டில், முந்திய ஆண்டின் வெற்றி வீரரான ஹென்றி பெலிசியே தம் சகோதரரோடும் மற்றொரு வீரரோடும் ஓட்டத்தினின்றும் விலகினார். குளிர்ந்த விடியற்காலையில் இரண்டு சட்டைகளோடு புறப்படும் வீரர், வெயில் ஏறியபின் ஒன்றைக் களைந்து வீசுதல் கூடாது என்னும் விதியே அதற்குக் காரணம். கூத்தான்ஸ் என்னும் ஊரின் உணவுச்சாலையில் அவர்களைச் சந்தித்த லோந்தரிடம், கண்ணுக்கிடும் கொக்கேயினையும் ஈறுகளுக்கிடும் குளோரபோமையும் மாத்திரைப் பெட்டிகளையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். தண்டனைக் கைதிகளின் தீவைப் பற்றி முந்திய ஆண்டில் எழுதியிருந்த லோந்தருக்கு, இவ்வீரர்களும் வீதியிற் கடூழியம் செய்யும் கைதிகளாகவே தோன்றினர். பெலிசியேயின் சகோதரர் பிற்காலத்தில், லோந்தர் ஓட்டத்தை அறியாதவராதலின் மாத்திரைகளைக் காட்டி அவரைச் சற்றே ஏய்த்ததாகக் கூறினார். புதியவர் இரக்கத்தால் ஏமாறலாம் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் முழுவதும் ஏமாற்றே எனக் கொள்ளுதலும் தவறு. 1967 ஆடி மாதம் தொம் சிம்சன் என்னும் ஆங்கில வீரர் வொந்து மலைச்சரிவில் விழுந்து இறந்தபோது அவர் உடலில் ஊக்கமருந்து காணப்பட்டது. லோந்தர் காட்டிய பெட்டிகளில் எத்துணை நடிப்பு இருந்தபோதிலும், அவர் சுட்டிய நோய் உண்மையானது.

தொழில்முறை ஓட்டத்தை நேசிக்கும் செய்தியாளன் எதிர்கொள்ளும் இடர் இங்குத்தான் உளது. நேசம் வணக்கமாக மாறின் கண் மூடிக்கொள்ளும். ரோலான் பார்த் 1957 இல் வெளிவந்த தம் நூலிற் பிரான்சுச் சுற்றோட்டத்தை ஓர் இதிகாசமாகக் கொண்டு ஆராய்ந்து, அவ்விதிகாசத்தின் அடியிற் பொருள் நோக்கம் மறைந்து கிடப்பதையும் சுட்டிக்காட்டினார். லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் 1999 முதல் 2005 வரை பெற்ற ஏழு வெற்றிகளும் 2012 இற் பறிக்கப்பட்டபோது, நோயை வென்று மலையையும் வென்ற வீரன் என்னும் கதையைப் பல்லாண்டு எழுதியவர்கள் தம் எழுத்தைத் திரும்பிப் பார்க்க நேர்ந்தது. அவர்கள் ஓட்டத்தை அறியாதவர் அல்லர். மிக நன்றாக அறிந்தவர். அறியாமை மட்டுமே செய்தியாளனை ஏமாற்றுவதில்லை, பழக்கமும் ஏமாற்றும். ஆதலின் புதியவருக்குரிய வினாவை வல்லுநனும் கைவிடலாகாது.

காவியம் காணாதவை வேறும் உண்டு. புட்சாட்டி கண்ட பார்த்தாலி வெளியே கடுமுகம் கொண்டவர். உள்ளே யாது இருந்தது என்பதை அவர் அறியவில்லை. போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பதற்காகப் போலி ஆவணங்களைத் துவிச்சக்கர வண்டியில் மறைத்துக் கொண்டுசென்றவர் எனப் பார்த்தாலியை 2013 இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் மதிப்பளித்து ஏற்றது. அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே அது நிகழ்ந்தது. வெல்லற்கரிய அக்கிலீசாகத் தோன்றிய கொப்பியோ 1960 தை 2 ஆம் நாள், நாற்பது வயதில், ஆபிரிக்கப் பயணத்திற் பற்றிய மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். மலேரியாவின் கொடுமையைப் பல தலைமுறையாக அனுபவித்து, 2016 இலேயே அந்நோய் நீங்கிய நாடென்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்ட இலங்கையின் உலர்வலயத்தார்க்கு, அம்மரணத்தைப் புரிந்துகொள்ள ஹோமரின் துணை வேண்டுவதில்லை. ஐந்து கணவாய்களைத் தனியே கடந்தவனை ஒரு நுளம்பு வீழ்த்திற்று. வீரனும் உடல் கொண்ட மனிதனே என்னும் இவ்வெளிய உண்மையே லோந்தரின் எழுத்தில் உள்ளது. புட்சாட்டியின் எழுத்திற் குறைவுபட்டது.

இவ்விரு புதியவரையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஒரு முடிவு பெறப்படும். லோந்தர் வீரனின் வலியைக் கண்டார். அவன் அதனை விரும்பி ஏற்பதன் காரணத்தைக் கண்டாரில்லை. புட்சாட்டி அவன் பெருமையைக் கண்டார். அப்பெருமைக்கு அவன் உடல் கொடுக்கும் விலையை முழுமையாகக் கண்டாரில்லை. முன்னவரின் இரக்கமும் பின்னவரின் வியப்பும் ஒன்றையொன்று நிரப்புவன. இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுமிடத்து விளையாட்டுச் செய்தி இலக்கியத் தகுதி பெறுகின்றது. எனினும் இவ்விருவருள் ஒருவரைத் தெரிய நேரின் புட்சாட்டியையே தெரிதல் தகும். லோந்தர் தாம் முன்னர் அறிந்திருந்த சிறையை வீதியிலும் கண்டு மீண்டார். புட்சாட்டி தம் நாவலோடு சென்றபோதிலும், நாள்தோறும் வீதியில் நின்று, தாம் எதிர்பாராத ஒன்றைக் காண இடங்கொடுத்தார். கற்றுக்கொள்ளும் மனத்தின் அடையாளம் அது.

இலங்கையில் முன்னணித் துவிச்சக்கர வீரர் பலர் முப்படைகளின் அணிகளைச் சேர்ந்தவர். ஏனையோர் தம் தொழிலிடையே பயில்பவர். அவர்களைப் பற்றிய எழுத்துத் தமிழில் மிகக் குறைவு. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களைப் பெரும்பாலும் கிரிக்கெட்டே ஆளுகின்றது. இந்நிலையில் வண்ணாத்திவில்லுப் போன்றதோர் ஊரின் வீதியோட்டத்தை எழுதச் செல்லும் இளைஞன் தன் அறியாமைக்கு நாணவேண்டியதில்லை; அதனைப் பயன்படுத்திக்கொள்ளல் வேண்டும். எதிர்காற்றில் முன்னே சென்றவன் எவன், அவன் மறைவிற் பின்னே சென்று இறுதியில் முந்தியவன் எவன், நடுவழியில் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்தவன் எவன், வண்டி யாரிடம் இரவலாகப் பெறப்பட்டது, ஓட்டம் முடிந்த மறுநாள் அதே வண்டியில் ஏறி அவன் எந்தத் தொழிலுக்குச் சென்றான் ஆகிய வினாக்களைக் கேட்டால் ஓரிரு வரிச் செய்தி ஒரு கட்டுரையாகிவிடும். ஹெக்டரையோ கர்ணனையோ அவன் அழைக்கவேண்டிய தேவை நேரலாம், நேராமலும் இருக்கலாம். அழைப்பின், அவ்வுவமை வீரனின் முகத்தை மறைக்கின்றதா விளக்குகின்றதா என்பதை மட்டும் அவன் ஆராய்ந்துகொள்ளல் வேண்டும்.

வென்றவனின் பெயர் எப்படியும் அச்சேறும். இரண்டாவதாக வந்தவனையும், அவனுக்காகக் காற்றைத் தாங்கியவனையும், கடைசியாக வந்தும் ஓட்டத்தை முடித்தவனையும் பெயரோடும் முகத்தோடும் எழுதுபவனே இவ்விளையாட்டை நேசித்தவனாவான். நாவலாசிரியர் ஒருவர் இத்தாலிய வீதிகளில் ஏறக்குறைய மூன்று வாரங்களிற் கற்ற பாடம் இதுவே. அதனைக் கற்பதற்குப் புத்தளத்து வீதியும் அதன் காற்றும் எவ்வகையிலும் குறைந்தனவல்ல.